சினேகாவின் மதியச் சாப்பாடு

மஞ்சக்குப்பத்தில் 'சின்னக்குருவி' என்ற குழந்தைகள் காப்பகத்தை நடத்திவந்த சந்திரலேகா, பிள்ளைகளின் சாப்பாட்டைக் கவனிக்கச் சாய்ராவை வேலைக்கு எடுத்தபோது ஒரு வாக்குக் கொடுத்தார். "சாப்பாடு விஷயத்துல நீங்க சொல்றதுதான். நான் தலையிட மாட்டேன்."

சாய்ரா அதை நம்பினாள். மனையியல் படித்துவிட்டு, கல்யாணம், குழந்தை என்று சில வருஷம் வீட்டோடு இருந்தவளுக்கு அதுதான் முதல் வேலை. தினமும் காலையில் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ் ஏறுவாள். சீட்டு கிடைத்தால் ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் அன்றைய சமையலை மனதுக்குள் ஒருமுறை சமைத்து முடித்துவிடுவாள்.

காப்பகத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் சுற்றியிருந்த அரசாங்க அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள். காலையில் கொண்டுவந்து விட்டால் சாயங்காலம்தான் கூட்டிப்போவார்கள். பரிசோதிக்க வந்த குழந்தை மருத்துவர், பாதிப் பேருக்கு ரத்தம் கம்மி என்று சொல்லிவிட்டுப் போனதால்தான் சந்திரலேகா ஆள் தேடினார். அதுவரை மதியம் ரசம் சாதம், இல்லையென்றால் தயிர் சாதம், சாயங்காலம் சர்க்கரை போட்ட பாலும் பிஸ்கட்டும். சாய்ரா எல்லாவற்றையும் மாற்றினாள். தினம் ஏதாவது ஒரு கீரை, அதன்மேல் இரண்டு சொட்டு எலுமிச்சை. அப்போதுதான் கீரையிலிருக்கும் இரும்பு உடம்பில் சேரும். முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை. வாரத்தில் சில நாள் முட்டை. மூன்று வயது ஆகாததுகளுக்குக் கொண்டைக்கடலையை மசித்துத்தான் கொடுக்க வேண்டும், முழுசாகக் கொடுத்தால் தொண்டையில் மாட்டிக்கொள்ளும் என்று சமையல் செய்யும் அமராவதியிடம் சொன்னாள். அமராவதி ஒவ்வொன்றுக்கும் முகத்தைச் சுளித்தாலும் சொன்னபடி செய்தாள்.

கூடவே ஒரு விதியும் கேட்டாள். வெளிச்சாப்பாடு எதுவும் உள்ளே வரக்கூடாது. பிள்ளை அழாமல் இருக்கச் சிப்ஸ் பாக்கெட்டையும் கிரீம் பிஸ்கட்டையும் பையில் திணித்துவிட்டுப் போகிறார்கள். அதைத் தின்ற பிள்ளை மதியம் தட்டைத் தொடுவதில்லை. சந்திரலேகா சந்தோஷமாக ஒப்புக்கொண்டு, வாசலிலேயே ஒரு போர்டு மாட்டினார்.

முதலில் போனது முட்டை.

"கிச்சன்ல முட்டை வாடை வருதுன்னு ரெண்டு பேரண்ட்ஸ் சொல்றாங்க. இப்போதைக்கு நிறுத்திடுவோம் சாய்ரா."

"அவங்க பிள்ளைங்களுக்கு மட்டும் குடுக்காம விடலாமே மேடம்."

"ஒரே கிச்சன், ஒரே பாத்திரம். சென்சிட்டிவான விஷயம் இது. புரிஞ்சிக்குங்க."

அடுத்து கேழ்வரகு. அடையைப் பார்த்தால் சாப்பிடவே தோன்றவில்லை, இதைத் தின்றால் பிள்ளை கறுத்துவிடும் என்று வீட்டில் சொல்கிறார்கள் என ஒரு தாய் வாட்ஸ்அப் குழுவில் எழுதினாள். உடனே நாலைந்து பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். சாய்ரா நீளமாகப் பதில் தட்டினாள். அனுப்புவதற்குள், வாரம் ஒருமுறைக்குமேல் கேழ்வரகு இருக்காது என்று சந்திரலேகாவே குழுவில் போட்டுவிட்டார். தட்டியதை அழித்தாள்.

வேர்க்கடலையை எடுத்தது மட்டும் அவளேதான். சேரன் என்ற பையன் புதிதாகச் சேர்ந்தான். வீட்டில் ஒருமுறை கடலை மிட்டாய் தின்று முகமெல்லாம் வீங்கி, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அவன் அப்பா இளவரசு அதைச் சொன்ன அன்றே கடலை, கடலை எண்ணெய் இரண்டையும் சமையலறையிலிருந்து வெளியேற்றினாள். அதில் அவளுக்கு வருத்தமில்லை. ஆனால் உள்ளே வர வேண்டியவை ஒவ்வொன்றாக வெளியே போக, வரக்கூடாதவை ராஜநடை போட்டு வந்துகொண்டிருந்தன. பிறந்தநாள் என்றால் போர்டு செல்லாது. பச்சையும் ரோஸுமாகக் கிரீம் வைத்த கேக், கூடவே ஆளுக்கொரு பாக்கெட் சிப்ஸ்.

"வருஷத்துல ஒரு நாள்தானே சாய்ரா" என்றார் சந்திரலேகா.

"ஒவ்வொரு பிள்ளைக்கும் வருஷத்துல ஒரு நாள் மேடம். இங்க எத்தன பிள்ளைங்க இருக்குன்னு பாருங்க."

சந்திரலேகா சிரித்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டார்.

பொங்கலுக்குப் பிறகு சினேகா வந்தாள். தேவனாம்பட்டினத்துப் பிள்ளை. அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா தமிழ்ச்செல்வி, மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு அந்தப் பக்கம் ஓர் அலுவலகத்தில் தற்காலிகக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். இரண்டு வயதுப் பிள்ளைகள் அழுது, அடம்பிடித்து, ஒரு வாரத்தில் பழகிவிடும். சினேகா அழவே இல்லை. ஊட்டிய சோற்றை வாங்கிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மெல்லவும் மாட்டாள், துப்பவும் மாட்டாள். தூங்கி எழுந்த பிறகும் அந்தக் கவளம் அப்படியே இருக்கும். அமராவதி விரலை விட்டு எடுத்துப் போடுவாள். மாதம் முடிவதற்குள் பிள்ளையின் பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது.

சாய்ரா ஒரு சாயங்காலம் தமிழ்ச்செல்வியை நிறுத்திக் கேட்டாள்.

"வூட்ல நல்லாத்தான் சாப்புடுது மேடம்" என்றாள் தமிழ்ச்செல்வி. "கெழங்கா மீன் கொழம்புல சோத்தப் பெசஞ்சி குடுத்தா தட்டு காலியாவும். மீன் இல்லன்னா வாயே தொறக்காது. நான் இன்னா பண்ணட்டும்?"

கிழங்கா மீன் மெத்தென்று இருக்கும். முள் ஆய்ந்து சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஏற்றது. அந்த ருசியிலேயே வளர்ந்த நாக்கு அது. அதிலிருந்து ஆரம்பித்து, கொஞ்சம் பருப்பு, கொஞ்சம் கீரை என்று கலந்துகொண்டே போனால் ஒன்றிரண்டு மாதத்தில் எல்லாம் சாப்பிட வைத்துவிடலாம் என்று சாய்ராவுக்குத் தெரிந்தது. மறுநாள் காலை சந்திரலேகாவிடம் போனாள். வீட்டிலிருந்து சின்ன டப்பாவில் மீன் வரட்டும், நானே தனியாக ஊட்டுகிறேன் என்றாள்.

சந்திரலேகா வாசல் பக்கம் கையைக் காட்டினார். "வெளிச்சாப்பாடு கூடாதுன்னு நீங்கதானே போர்டு வைக்கச் சொன்னீங்க?"

"நான் சொன்னது சிப்ஸை மேடம்."

"போர்டுல சிப்ஸுன்னு போடலையே." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "இளவரசு சார் குடும்பம் சன்மார்க்கம், சுத்த சைவம். தைப்பூசத்துக்குக் குடும்பத்தோட வடலூர் போறவங்க. முட்டைக்கே முகம் சுளிச்சவங்க இருக்கற எடத்துல, மீன்னு தெரிஞ்சா அவரு புள்ளைய நிறுத்திட்டுப் போயிடுவாரு. அவரப் பாத்து இன்னும் நாலு பேரு போவாங்க. நான் வாடகை கட்டணும் சாய்ரா."

தான் கேட்டு வாங்கிய விதி எத்தனையோ கேக்கைத் தடுக்காமல், ஒரு பிள்ளையின் மீனை மட்டும் தடுத்து நிற்பதை அவள் பார்த்தாள். சமையலறைக்குப் போய், வேண்டாத கோபத்தில் அமராவதியிடம் உப்பு கூடிவிட்டது என்று சண்டை போட்டாள்.

இரண்டு நாள் கழித்து சினேகாவின் பையைத் திறந்தபோது துணிகளுக்கு நடுவே ஒரு டப்பா இருந்தது. தமிழ்ச்செல்வி ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். திருப்பி அனுப்பியிருக்கலாம். சாய்ரா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் அரிசி மூட்டை வைக்கும் அறைக்குப் போனாள். சோற்றோடு பிசைந்து நீட்டிய முதல் கவளத்துக்கே சினேகா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அன்றைக்கு டப்பாவில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை. அதற்குப் பிறகு டப்பா தினமும் வந்தது. நாலைந்து நாளில் குழம்போடு கொஞ்சம் மசித்த பருப்பைச் சேர்த்துப் பார்த்தாள். அதையும் பிள்ளை விழுங்கியது. கன்னத்தில் அடக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சாய்ராவுக்கு நினைத்தபடி நடந்த காரியம் அது ஒன்றுதான்.

ஒரு மதியம் ஊட்டிக்கொண்டிருக்கும்போது முன்னறையிலிருந்து சந்திரலேகா கூப்பிட்டார். யாரோ ஒரு பெற்றோருக்குச் சாப்பாட்டு முறையை விளக்கிச் சொல்ல வேண்டுமாம். டப்பாவைத் தரையில் வைத்துவிட்டுப் போனாள். சீக்கிரம்தான் திரும்பினாள். அதற்குள் சேரன் அந்த அறையில் சினேகாவுக்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தான். சினேகா தன் கையால் அள்ளி அவன் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். அவன் மென்று விழுங்கினான்.

சாய்ராவுக்கு மீன் ஞாபகமே வரவில்லை. எண்ணெய்தான் ஞாபகம் வந்தது. சேரனை இழுத்து வாயைக் கழுவிவிட்டு, ஈரக் கையோடு தமிழ்ச்செல்விக்குப் போன் போட்டாள்.

"கொழம்புக்கு என்ன எண்ணெய் ஊத்துறீங்க?"

"கடலெண்ணெதான் மேடம். செக்குல ஆட்டுனது. இன்னாத்துக்கு?"

ஆட்டோ பிடித்து மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். போகிற வழியெல்லாம் சேரனின் உதட்டையும் கண்ணிமையையும் பார்த்துக்கொண்டே வந்தாள். அவன் ஆட்டோவில் போகிற சந்தோஷத்தில் ஹார்ன் சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். மருத்துவர் ஓர் ஊசி தயாராக வைத்துக்கொண்டு, காத்திருந்து பார்க்கலாம் என்றார். கழுத்தில் லேசாகத் தடித்தது, பிறகு வடிந்துவிட்டது. வேறொன்றும் ஆகவில்லை. அதற்குள் இளவரசு வந்துவிட்டார். கோர்ட்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். கட்டிலில் உட்கார்ந்திருந்த மகனைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தார். பிறகு சாய்ராவின் பக்கம் திரும்பினார். சத்தம் போடவில்லை.

"எம்புள்ள வாய்ல இன்னா போவுதுன்னு உங்களுக்குத் தெரியும்னு நெனச்சிதான் மேடம் நான் கடையில நிம்மதியா ஒக்காந்திருக்கேன்."

மன்னிப்பு என்ற சொல்கூட அந்த நேரத்தில் சாய்ராவுக்கு அற்பமாகத் தோன்றியது. தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்று சாயங்காலமே சந்திரலேகா முடிவெடுத்துவிட்டார். இனி பழையபடி ரசம் சாதம், தயிர் சாதம், பிஸ்கட். யாருக்கும் வம்பில்லை. சினேகாவை மாதக் கடைசியோடு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். "இளவரசு சார் ஒத்துக்க மாட்டாரு. அவரு பக்கம் நியாயம் இருக்கு. நீங்களும் இனிமே பாத்து நடந்துக்குங்க."

சிதம்பரம் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள். வீட்டில் அவள் மகன் சுஹைப் டிவிக்கு முன்னால் கால் நீட்டி உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தான். கணவன் அஷ்பாக் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்திருந்தான்.

"யாரு வாங்கிக் குடுத்தது மச்சான்?"

"பசிக்குதுன்னான். நீ வர லேட்டாவும்னு ஒரு பாக்கெட் வாங்குனேன். அதுக்கு ஏன் மொறைக்குற?"

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கீரைக்கு மேல் எலுமிச்சை பிழியச் சொல்கிறவள் தன் பிள்ளை கையிலிருந்த பாக்கெட்டைப் பிடுங்கினாள். அவன் அழுதான். அவள் அடுப்படியில் நின்று நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தாள். மதியமும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பேசிக்கொண்டே அந்த பாக்கெட்டைக் காலி செய்திருந்தாள்.

"வுட்டுடு சாய்ரா" என்றான் அஷ்பாக். "அந்தப் பொம்பளகிட்ட நீ மல்லுக்கட்டி என்னா ஆவப் போவுது? தெனம் பஸ்ல அலைச்சல் வேற ஜாஸ்தி."

அதுவரை வேலையை விடுவதாகத்தான் அவளும் நினைத்திருந்தாள். அவன் சொன்னதும் எரிச்சல் வந்தது.

"விடுறேன்னு நான் சொன்னனா?"

மறுநாள் காப்பகத்துக்குப் போகுமுன் இளவரசுவின் கடைக்குப் போனாள். அவர் யாருக்கோ பத்திரம் நகலெடுத்துக்கொண்டிருந்தார். அது முடியும்வரை வெளியே நின்றாள். ஆள் போனதும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"நேத்து நடந்தது என் தப்புதான் சார். நான் எழுந்து போயிருக்கக் கூடாது. போனா டப்பாவ எடுத்துகிட்டுப் போயிருக்கணும். அதச் சொல்லத்தான் வந்தேன்."

"ராத்திரியெல்லாம் அவன் மூச்ச கேட்டுகிட்டு கெடந்தேன் மேடம்" என்றார் அவர். "நல்லவேளை. சரி, அந்தப் பொண்ணு எப்புடி இருக்குது?"

"மாசக் கடைசியோட நிக்கச் சொல்லிட்டாங்க. மீன் கொண்டாந்தா நீங்க சேரன நிறுத்திடுவீங்கன்னு..."

"யாரு சொன்னா?"

சாய்ரா சொன்னாள். இளவரசு மெஷினை அணைத்துவிட்டு எழுந்து நின்றார். நேற்றுகூட மாறாத அவர் முகம் இப்போது மாறியிருந்தது.

"நாங்க புலால் தொடறதில்ல. எம்புள்ளையும் தொடக்கூடாது. அதுக்காக இன்னொருத்தர் புள்ள பசியோட கெடக்கட்டும்னு நான் சொல்லுவனா? என்ன ஒரு வார்த்தை கேட்டாங்களா? முட்டைக்கும் எம்பேரத்தான் சொன்னாங்களா?"

"இல்ல சார். முட்டைய நீங்க வர்றதுக்கு முன்னாடியே நிறுத்திட்டாங்க."

"மீன் வர்றத நான் தடுக்கல மேடம். எனக்கு வேண்டியது ஒண்ணுதான். எம்புள்ள பக்கத்துல அது வரக்கூடாது, கடலை வரவே கூடாது. அத நீங்க எப்புடிப் பண்ணுவீங்கன்னு சொல்லுங்க."

அங்கேயே நின்று பேசினார்கள். டப்பா வந்தால் அலுவலக அறையில்தான் இருக்க வேண்டும். மீன் குழம்புக்கு வீட்டில் நல்லெண்ணெய்தான் ஊற்ற வேண்டும். பெற்ற தாயே மதிய இடைவேளையில் வந்து, முன்பக்கம் கேட்டை ஒட்டிய இடத்தில் வைத்து ஊட்டிவிட்டு, டப்பாவைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். ஊட்டியவரும் தின்ற பிள்ளையும் சோப்புப் போட்டுக் கழுவாமல் உள்ளே வரக்கூடாது. காப்பகத்து ஆட்கள் யாரும் டப்பாவைத் திறக்கக்கூடாது. கடைசி விதியை அவளேதான் சொன்னாள். நேற்றைய பயம் இன்னும் போகவில்லை.

சாயங்காலம் சேரனைக் கூட்டிப்போக வந்த இளவரசு, சந்திரலேகாவின் அறையில் போய் உட்கார்ந்தார். தன் பேரைச் சொல்லி யாரையும் நிறுத்த வேண்டாம் என்றார். சந்திரலேகாவுக்கு முகம் சிவந்தது.

"இன்னைக்கு மீனு. நாளைக்கு ஒருத்தர் பிரியாணி கொண்டாந்தா?"

"அவங்களும் வந்து ஊட்டட்டும் மேடம்" என்றாள் சாய்ரா. "சிப்ஸ் பாக்கெட்ட பையில போட்டுட்டுப் போறவங்க யாரும் லீவு போட்டு வந்து ஊட்ட மாட்டாங்க."

சந்திரலேகா ஒப்புக்கொண்டார். கீரையும் பருப்பும் திரும்ப வந்தன, பிஸ்கட் போனது. முட்டைக்குச் சாய்ரா எவ்வளவோ வாதாடிப் பார்த்தாள், வரவில்லை. கேக் பழையபடி வந்துகொண்டுதான் இருந்தது. இரண்டு வாரத்தில் வாசலில் ஒரு புது பேனர் தொங்கியது. பிள்ளைகள் தாய்ப்பாசத்தோடு வீட்டுச் சுவையில் உண்ணும் ஒரே காப்பகம், அட்மிஷன் நடைபெறுகிறது என்று அதில் போட்டிருந்தது. சாய்ரா அதை நின்று படித்துவிட்டு உள்ளே போனாள்.

தமிழ்ச்செல்வி முதல் வாரம் தவறாமல் வந்தாள். ஓட்டமும் நடையுமாக வந்து ஊட்டிவிட்டு, அதே வேகத்தில் ஓடுவாள். அடுத்த வாரம் ஒரு நாள் வரவில்லை. பிறகு வந்தாள். பிறகு மறுபடி வரவில்லை. வராத நாளில் சினேகா தயிர் சாதத்தில் சில வாய் வாங்கிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டாள். பருப்பு பழகியது என்று சாய்ரா நினைத்திருந்ததும் பொய்யாகப் போனது. குழம்பு இல்லாமல் அந்தப் பருப்பைப் பிள்ளை சீந்தவில்லை.

அன்றைக்கும் தமிழ்ச்செல்வி வரவில்லை. மற்ற பிள்ளைகள் சாப்பிட்டுப் படுத்துவிட்டன. சினேகா அலுவலக அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு மேசைமேலிருந்த டப்பாவையே பார்த்து நின்றாள். சாய்ரா போன் போட்டாள்.

"ஆடிட் நடக்குது மேடம். எழுந்திரிச்சா ஆபீசரு சத்தம் போடுறாரு. சாயங்காலம் வூட்ல போயி குடுத்துக்கறேன்."

டப்பாவைத் திறக்கச் சாய்ராவுக்கு ஒரு கணம் போதும். திறக்க மாட்டேன் என்று சொன்னவளும் அவள்தான். எரிச்சலில் அவளுக்கு அழுகை வரப் பார்த்தது.

"அமராவதிக்கா, மேடம் கேட்டா சினேகாவ அவங்க அம்மாகிட்ட கூட்டிகிட்டுப் போயிருக்கேன்னு சொல்லுங்க."

"இந்த வெயில்லயா?" என்றாள் அமராவதி.

சாய்ரா பிள்ளையை இடுப்பில் வைத்து, முந்தானையை அதன் தலையில் போட்டு, டப்பாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். மைதானத்தைக் குறுக்கே கடந்தாள். வெயிலில் மண் கொதித்தது. ஓரத்தில் பஸ்ஸுக்கு நின்ற சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அலுவலகப் படியேறி, கம்ப்யூட்டர்கள் இருந்த அறை வாசலில் நின்று தமிழ்ச்செல்வியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

தமிழ்ச்செல்வி பதறி எழுந்து வந்தாள். "இன்னா மேடம் இப்புடித் தூக்கிகினு வந்துட்டீங்க? எனக்குப் பேச்சு வாங்கிக் குடுக்கவா?"

"நீங்க வர்றேன்னு சொன்னீங்க. வரல."

"வுட்டாதானே வர்றதுக்கு? டெம்பரரி வேலை மேடம் எனக்கு."

பின்னாலேயே ஒரு மேலதிகாரி கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வந்தார். "இன்னாம்மா இது, ஆபீஸா சத்திரமா?"

"கொஞ்ச நேரம் சார்" என்றாள் சாய்ரா. "குழந்த காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்புடல. இவங்க ஊட்டுனாத்தான் சாப்புடும். ஊட்டிட்டு வந்து உக்காந்துடுவாங்க. நான் நிக்கிறேன் இங்கயே."

அவர் பிள்ளையைப் பார்த்தார். அது முந்தானைக்குள்ளிருந்து அவரைப் பார்த்தது. "சீக்கிரம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வராந்தாக் கடைசியில், உடைந்த நாற்காலிகள் அடுக்கியிருந்த இடத்தில் தமிழ்ச்செல்வி உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். முகம் இன்னும் கோபத்தில் இருந்தது. கை மட்டும் பதமாக முள் ஆய்ந்தது. சினேகா முதல் வாயை விழுங்கிவிட்டு அடுத்ததற்கு வாயைத் திறந்து காத்திருந்தாள். சாய்ரா தூணில் சாய்ந்து நின்றாள். ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. அவளும் இன்னும் சாப்பிடவில்லை.

"நாளைக்கு?" என்று கேட்டாள்.

"தெரியல மேடம். ஆடிட் முடியணும்."

"அப்ப நாளைக்கும் தூக்கிகிட்டு வர்றேன்."

தமிழ்ச்செல்வி நிமிர்ந்து பார்த்தாள். பிள்ளை கையைப் பிடித்து இழுக்கவும், குனிந்து அடுத்த வாயை உருட்டினாள்.